முதல் இலை

“எல்லாரையும் ஒரே கட்டா அனுப்பிரு. ஒருத்தன்கூடத் தப்பக் கூடாது” என்றார் சந்தனராஜ்.

மகள் ஷெரின் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அனுப்பிரலாம்ப்பா. வசந்த் வீடும் அதுலதான் இருக்கு.”

“அவன் பேரை இந்த வீட்டுல சொல்லாத.”

ஆவூர் பக்கம் ஈஸ்டர் தேர் என்றால் முதல் வடம் தொடுவது சந்தனராஜின் குடும்பம். வயலுக்குப் போகும் வண்டிப்பாதை ஒன்றுக்காக அவருக்கும் வசந்தின் அப்பா அலெக்ஸுக்கும் கோர்ட்டில் வழக்கு. இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அந்த வசந்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஷெரின் ஒற்றைக் காலில் நின்றாள்.

சண்டை முற்றி, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை தேடுகிறபோது வந்து சேர்ந்த தாள்கள் ஒரு கட்டு இருந்தன. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் குடும்பத்தைப் பற்றித் தாங்களே எழுதிக் கொடுத்தவை. அலெக்ஸ் வீட்டுத் தாளை மட்டும் வசந்த் மூலம் ஷெரின் வாங்கிச் சேர்த்திருந்தாள். பேரையும் ஊரையும் எடுத்துவிட்டு, எண் மட்டும் போட்டு, செயற்கை நுண்ணறிவிடம் கேட்பது. எல்லாருக்கும் ஒரே கேள்வி: இந்த வீட்டில் பெண் கொடுக்கலாமா?

வசந்த் வீட்டுக்குக் ‘கொடுக்கலாம்’ என்று வந்தால் சந்தனராஜே அலெக்ஸ் வாசலுக்குப் போய்ப் பேச வேண்டும். ‘வேண்டாம்’ என்று வந்தால் அவர் காட்டுகிற மாப்பிள்ளைக்கு ஷெரின் கழுத்தை நீட்ட வேண்டும். ஒப்புக்கொள்ள அவர் யோசிக்கவே இல்லை. பேரை மறைத்தால் வளர்ப்பை மறைக்க முடியுமா?

தாள்களை அவரே தரம் பார்த்து அடுக்கினார். அலெக்ஸ் வீட்டுத் தாள் எல்லாவற்றுக்கும் அடியில், நாற்பதாவதாக. எல்லாவற்றுக்கும் மேலே தம் வீட்டைப் பற்றிய தாள். அவர் சொல்லச் சொல்ல மனைவி அமலராணி எழுதியது. “நம்ம வீடு ஒண்ணாம் நம்பர். அதை அளவா வச்சு மத்தவனை அளக்கட்டும்.”

“ஏங்க, நம்மளையும் எதுக்கு அதுல...” என்று அமலராணி வாயெடுத்தாள்.

“ஒன்னைக் கேட்டேனா?”

அவள் அடுக்களை நிலையோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

ஷெரின் ரஸ்ட் என்ற கணினி மொழியில் எழுதியிருந்த புரோகிராம் முதலில் ஓட மறுத்தது. சின்னப் பிழையைக்கூட அந்த மொழி பொறுக்காது, திருத்தினால்தான் அடுத்த அடி என்று அவள் சொன்னது சந்தனராஜுக்குப் பிடித்துப்போனது. “கண்டிப்புன்னா அது. அலெக்ஸ் வீட்டுல மருந்துக்கும் கெடையாது.” பிறகு கேட்டார்: “பந்தி மாதிரித்தானே இதுவும்? முதல் எலை நமக்குத்தானே?”

“இதுல முதல் எலை கெடையாதுப்பா. நாப்பது எலையும் ஒண்ணாப் போட்டாச்சு. யாரு முதல்ல சாப்ட்டு முடிக்கிறாங்களோ அவங்க முதல்ல எந்திரிச்சு வந்துருவாங்க.”

“வரிசை வைக்கிறதப் பத்தி எனக்கே நீ பாடம் எடுக்காத.”

மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்தபோது பதில்கள் வந்திருந்தன. “நான்தான் படிப்பேன்” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைத் தம் பக்கம் இழுத்தார்.

“அப்பா, ஓரத்துல இருக்க நம்பரைப் பாத்து...”

“எனக்குப் படிக்கத் தெரியும்.”

முதல் பதிலை நிறுத்தி நிதானமாகப் படித்தார். ‘வழக்கு இருப்பதை மறைக்காமல் சொல்கிறார்கள். எதிராளியைப் பற்றி ஒரு கடுஞ்சொல் இல்லை. தாராளமாகப் பெண் கொடுக்கலாம்.’

அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. “கேட்டுக்கடி. இதுக்குப் பேருதான் பரம்பரை. அந்த எச்சக்கலைப் பயலப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லிருக்கேனா நானு?”

அமலராணி எதையோ சொல்ல வந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

நடுவில் இருந்த எதையும் அவர் பார்க்கவில்லை. விறுவிறுவென்று கடைசிப் பதிலுக்கு இறங்கினார். தெருவுக்கே கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

‘யாரை எங்கே நிறுத்தினோம் என்பதைத் தவிர இவர்களுக்குச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வந்து சேரும் பெண் இங்கே வாய் திறக்க முடியாது. வேண்டாம்.’

“முடிஞ்சுபோச்சு!” மேசையில் ஓங்கி ஓர் அடி. “பேரே இல்லாம மோந்து பாத்துச் சொல்லிருச்சு பாரு! இந்த வீட்டுல பொண்ணக் குடுக்குறதும் பாழுங்கெணத்துல தள்ளுறதும் ஒண்ணு. வார ஞாயித்துக்கெழம நான் சொல்ற எடத்துல சம்மந்தம் பேசிக் கை நனைக்கிறோம். இனி ஒரு பேச்சு இல்ல.”

அழுவாள் என்று மகளைப் பார்த்தார். அவள் அழவில்லை. திரையை மெதுவாக மேலே தள்ளி, முதல் பதிலின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

“நாப்பது. இது வசந்த் வீடுப்பா.”

சந்தனராஜ் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். எண் மாறவில்லை.

“அப்ப... கீழ கெடக்குறது எவன் வீடு?”

ஷெரின் தலையைக் குனிந்துகொண்டாள். அடுக்களை நிலையை விட்டு அமலராணி வந்தாள். கடைசிப் பதிலின் ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். இந்தத் தடவை அவர் அவளைத் தடுக்கவில்லை.

“ஒண்ணாம் நம்பருங்க. நம்ம வீடு.”