கையை எடு

மறுபடியும் அந்தக் கை.

பரிமளம் டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கண் எரிந்தது. பன்வில மலைக்கு மேலே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கடைசி பஸ்ஸுக்கு அதிக நேரமில்லை.

கணினித் திரையில் ஒரு களிமண் ஆடு களிமண் கங்காணியின் குடையைத் தின்றுகொண்டிருந்தது. ஆட்டை நூலளவு நகர்த்து, கையை எடு, படம் பிடி. மறுபடி நகர்த்து, கையை எடு, பிடி. இப்படிப் பன்னிரண்டு படம் சேர்ந்தால்தான் ஆடு ஒரு விநாடி அசையும்.

"கையை எடு, கையை எடு" என்று பள்ளித் தவணை முழுக்கக் கத்தியதில் அவளுக்குத் தொண்டை போய்விட்டது. பள்ளிப் படக் கழகப் பிள்ளைகள் வீட்டில் சோற்றுத் தட்டிலிருந்தும் திடுக்கென்று கையை எடுப்பதாகப் பேச்சு.

இன்றோடு முடியும் பள்ளிக் குறும்படப் போட்டியின் விதி அப்படி. கை தெரிந்தால் படம் தள்ளுபடி. தெரியாவிட்டால், யார் கண்டது, முதல் பரிசான கமரா கிடைக்கலாம். டீச்சரின் கண்ணாடி வெடித்த போனுக்கு ஓய்வு கிடைக்கும். டீச்சருக்கும்தான்.

தவறி விழும் கை ஒரு படத்தில் விழும். இது பன்னிரண்டு படங்களில், ஆட்டுக்குப் பக்கத்தில், விரல்களை விரித்துக்கொண்டு ஆற அமர இருந்தது. பார்ப்பவர் கண்ணில் நிற்க வேண்டியதை ஒரு விநாடியாவது அசையாமல் வைக்கச் சொல்லிக் கொடுத்தவளும் இவள்தான். நேற்று அழித்ததை யாரோ திரும்பச் சேர்த்திருக்கிறார்கள்.

யாரோ என்ன, சுலக்சனாதான். கழகத்திலேயே நிதானமான பிள்ளை. தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வருஷங்களாகிறது. தகப்பன் ரோஷத்தில் பேச்சை அறுத்து, போன் நம்பரையும் மாற்றிவிட்டான். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

கூப்பிட்டுக் கேட்டால் பிள்ளை தலையைத் தூக்கவில்லை.

"இருக்கட்டுங்க டீச்சர். போட்டிப் பக்கத்துல எங்க பேரெல்லாம் போடுவாங்களா? வெளிநாட்டுல இருந்தும் பாக்கலாங்களா?"

பார்க்கலாம், பார்க்கலாம் என்றாள் பரிமளம், பஸ் நினைப்பிலேயே.

கையை அழித்துப் படத்தை மறுபடி கோத்தெடுக்க அந்தக் கிழட்டுக் கணினிக்கு அரை மணியாவது வேண்டும். வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

படம் போட்டிப் பக்கத்தில் ஏறியது, ஆனால் பரிசுக்குத் தள்ளுபடியானது. மற்றப் பிள்ளைகள் சுலக்சனாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அவளோ இடைவேளை தவறாமல் வந்து நின்றாள். "யாராச்சும் ஏதாச்சும் எழுதியிருக்காங்களா டீச்சர்?"

பரிமளத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்ததையும் செய்துவிட்டு, பாராட்டு வேறு கேட்கிறதா? பார்க்காமலே, இல்லை என்று சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்கு ஓய்வு பாடவேளையில், இந்தத் தொல்லை தீரட்டும் என்று போட்டியின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். மற்றப் படங்களுக்குக் கீழே வாழ்த்தும் பூவுமாகக் குவிந்திருந்தது. ஆட்டுக்குக் கீழே ஒன்றே ஒன்று. எழுதியவருக்கு முகப்படம் இல்லை.

"இன்னும் நகத்த கடிக்கிறியா தாயி? கடிக்காத."

பரிமளம் படத்தை ஓடவிட்டு, கை வந்ததும் நிறுத்தினாள். அவளே அழித்த கை. சதைவரை கடித்திருந்த அந்த நகங்களை இன்றைக்குத்தான் பார்த்தாள்.