வியாழக்கிழமைத் தண்ணீர்

பூங்காக் குளத்துக்குத் தண்ணீர் வரவில்லை.

வியாழக்கிழமை பூங்காவின் முறை. விடிந்ததுமே வாய்க்காலில் வந்திருக்க வேண்டும். வெயில் ஏறியும் குளத்தின் சிமெண்ட் தரை காய்ந்து கிடந்தது. சனிக்கிழமை ஜூன் ஒன்று, அவர்கள் நாட்டில் குழந்தைகள் தினம். முழங்கால் ஆழக் குளம்தான். ஆனால் அதில் விழுந்து புரள ஊர்ப் பிள்ளைகள் வருஷம் முழுக்கக் காத்திருப்பார்கள்.

பூங்கா, புருலின் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. "குளத்தையாவது நிரப்பிக் காட்டும்மா, அப்புறம் உன் வேலை நிரந்தரமான்னு பாப்போம்" என்று நகராட்சித் தலைவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

வாய்க்கால் ஓரமாகவே மேலே நடந்தாள். ஒசோர்பையின் தோட்டத்தருகே மடைப் பலகை இறக்கியிருந்தது. தண்ணீர் மொத்தமும் மண்சுவருக்கு அந்தப் பக்கம், அவருடைய உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. பலகை மேல் ஒசோர்பை உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்குப் பூங்கா முறை, பெரியப்பா."

"தெரியும்."

"அப்புறம்?"

"நாளைக்கு என் முறை. அதை நீ எடுத்துக்கோ. இப்ப போ."

"ஏன், இன்னிக்குத் தண்ணிய இன்னிக்கே விட்டா என்ன?"

ஒசோர்பை பலகை மேல் இன்னும் அழுந்த உட்கார்ந்தார்.

அரை மணி நேரத்தில் தெரு திரண்டுவிட்டது. கையில் மண்வெட்டி. போன மாசம்தான் அசார் என்னும் ஊர்க்கூட்டு வேலை போட்டு, வீட்டுக்கொரு ஆளாக இறங்கி, கூலி வாங்காமல் அந்த வாய்க்காலைத் தூர் வாரியிருந்தார்கள். கோபம் வராமல் இருக்குமா?

முன்னால் வந்தவன் புருலின் புருஷன் தாயிர்.

"என்னடா வாடை இது, மூக்கு எரியுது?" என்றான் ஒருவன்.

"நான்தான். மலைக்கு ஓட்டணுமே, ஆடுங்களுக்கெல்லாம் உண்ணி மருந்துல குளியல் போட்டேன். விடியக்காலையிலதான் தொட்டியக் கழுவிக் கவுத்தேன்."

"கிட்ட வா மச்சான், என் மேல இருக்கிறதும் சாகட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒசோர்பை மட்டும் சிரிக்கவில்லை. தாயிரை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். அவ்வளவுதான்.

"யோவ் பெரிசு! புள்ளைங்க தண்ணியத் திருடுறியே, வெக்கமா இல்ல?" என்று கத்தினான் தாயிர்.

"இல்ல."

"எந்திரி!"

"என்னையும் சேத்துத் தூக்கு."

வயசானவர் மேல் கைவைக்க எவனும் துணியவில்லை. வாயால் கிழித்துத் தொங்கவிட்டார்கள். "செத்துப் போகும்போது அந்தக் கிழங்கையும் கூடவே எடுத்துட்டுப் போ!" என்றாள் ஒருத்தி. வரும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒசோர்பையின் தண்ணீர்ப் பங்கையே நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. அதற்கும் அவர் அசையவில்லை.

மறுநாள் விடியும்போது பலகை மேலே ஏறியிருந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். சாயங்காலத்துக்குள் குளம் நிரம்பியது. புருலுக்கு மூச்சு வந்தது.

சனிக்கிழமை பூங்காவே கத்தியது. பாண்டு வாத்தியம், பலூன், பூர்சோக் பணியாரம் பொரிக்கும் வாசனை. தாயிர் காற்சட்டையை மடித்துவிட்டுக் குளத்தில் நின்றான்.

"பாத்தியா? நாலு சத்தம் போட்டதும் பெரிசு பயந்துடுச்சு!"

புருலுக்கு மனசு ஆறவில்லை. தன் முறைத் தண்ணீரைக் கொடுத்த மனுஷன் எதற்காக அத்தனை ஏச்சு வாங்கினார்? தட்டில் பூர்சோக்கை அள்ளிக்கொண்டு போனாள்.

தோட்டத்துக் கதவைத் தள்ளியவள் நின்றுவிட்டாள்.

பாத்தி முழுக்கப் பாலைக் கொட்டிக் காய்ந்தது போல வெள்ளைத் திட்டு. முளைவிட்ட செடியெல்லாம் சுருண்டிருந்தது. வரப்போரம் தவளைகள் மல்லாந்து கிடந்தன. மூக்கை எரிக்கும் வாடை. இரண்டு நாளாக அவள் வீட்டில், புருஷன் சட்டையில் அடிக்கிற அதே வாடை.

"பெரியப்பா... இது..."

"தண்ணி வெள்ளையா வந்துச்சு. பலகைய இறக்கினேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"அத்தனை மண்வெட்டிக்கு நடுவுல உன் புருஷன் பேரைச் சொல்லச் சொல்றியா?" தட்டை வாங்கிக்கொண்டார். "புள்ளைங்க குளிக்குதா?"

"குளிக்குது."

"அப்ப போ. போய் வேலையப் பாரு."

அவள் திரும்பி வந்தபோது, மகள் வாய் நிறையக் குளத்துத் தண்ணீரை உறிஞ்சித் தாயிர் முகத்தில் துப்பிக்கொண்டிருந்தாள்.

"தொட்டிய எங்க கவுத்தே?" என்றாள் புருல், மெதுவாக.

"எங்க கவுப்பாங்க? வாய்க்கால்..."

நிறுத்தினான். மகளைப் பார்த்தான். அவள் இன்னொரு வாய் தண்ணீர் எடுத்தாள்.

"தண்ணி ஏன் ஒருநாள் தள்ளி வந்துச்சுன்னு போய்ப் பாத்துட்டு வந்தேன். அங்க ஒரு செடி இல்ல."

தாயிர் மகளைத் தூக்கி இறுக்கிக்கொண்டான். நெடுநேரம் விடவில்லை. மூச்சு முட்டி அவள்தான் திமிறினாள்.

மேடையில் தலைவர் மைக்கைப் பிடித்தார். "கிழவனை மடக்கித் தண்ணி கொண்டாந்த நம்ம தாயிருக்கு ஒரு கைதட்டு!"

தட்டினார்கள். தாயிர் ஈரக் காலோடு மேடையேறினான். தொப்பியைக் கழற்றினான்.

"மருந்துத் தொட்டிய வாய்க்கால்ல கவுத்தவன் நான். அந்தத் தண்ணி இந்தக் குளத்துக்கு வரல. வேற ஒருத்தர் தோட்டத்துக்குப் போச்சு."

பாண்டு நின்றது.

"அன்னிக்கு மண்வெட்டியோட வந்தவங்க, நாளைக்கும் மண்வெட்டியோட வாங்க. மேல்மண்ணை வழிச்சுப் போடணும். விதைக்கிழங்கு நான் தரேன். ஒரு அசார் பாக்கி இருக்கு."

"யாருக்குடா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"ஒசோர்பைக்கு."