ஆளுக்கு ஒரு கிலோ

"தம்பி, எல்லையிலை நீர் வாயைத் திறந்தீரெண்டால் இந்தச் சம்பந்தம் இல்லை. விளங்குதோ?"

முன் இருக்கையிலிருந்து சுமித்ரா சொன்னதற்கு, பின் இருக்கையில் இருந்த நிருசன் தலையாட்டினான். அவன் காலடியில் அரிசி மூட்டை. அதற்கு அடியில் இரண்டு கிலோ ஆட்டிறைச்சி.

மகள் தர்மிகா விரும்பிய பையனைச் சுமித்ரா பார்ப்பது இதுவே முதல் தடவை. வீட்டில் இருத்தித் தேத்தண்ணி கொடுக்காமல், ஜெர்மன் பக்கத்துக் கடைக்கே கூட்டி வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இருபது பேருக்குச் சாப்பாடு. ஆளுக்கு ஒரு கிலோ இறைச்சிதான் வரியில்லாமல் சுவிசுக்குள் வரும்.

காரில் மூன்று பேர். இறைச்சி ஐந்து கிலோ.

"உள்ளதைச் சொல்லிப்போடுவம், மாமி," என்றான் நிருசன். "மிச்சத்துக்குக் கிலோவுக்குப் பதினேழு பிராங் வரி. ரெண்டுக்கும் முப்பத்திநாலு. பத்துக் கிலோவைத் தாண்டினால்தான் இருபத்திமூண்டு."

"பிறகேன் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? எங்கடை ஷாஃப்ஹவுசனிலேயே அந்த விலைக்கு வாங்கியிருக்கலாமே!"

"அங்காலை ஐரோப்பிய ஒன்றியத்து இருபத்தேழு நாட்டுக்கும் ஒரே விவசாயக் கொள்கை, ஒரே சந்தை. ஆடு எந்த நாட்டிலை வளர்ந்தாலும் இடையிலை வரி இல்லை. நாங்கள் அதுக்கு வெளியிலை நிக்கிறம். இந்த வரியும் இல்லாட்டி ஆடு வளர்க்கிற எங்கடை கமக்காரர் படுத்திடுவினம்."

சுமித்ரா மகளின் பக்கம் திரும்பினாள். "தர்மி, இவர் உனக்கு மாப்பிள்ளையோ, கமக்காரருக்கு மாப்பிள்ளையோ? என்ன வேலையெண்டு சொன்னனீ?"

காரை ஓட்டிக்கொண்டிருந்த தர்மிகா, கண்ணாடியில் நிருசனை ஒருமுறை பார்த்தாள். "கவுண்மேந்து வேலை, அம்மா. தலைநகர் பேர்னிலை இருந்து சம்பளம்."

"கடதாசி அடுக்கிற வேலையாக்கும். அதுதான் ரெண்டு கிலோ ஆட்டுக்கு இந்த நடுக்கம்! இந்தப் பயந்தாங்கொள்ளியை நம்பி நான் உன்னைக் குடுக்கிறதோ? வீட்டை போய்க் கதைப்பம்."

தர்மிகாவின் கண்கள் கலங்கியிருந்தன.

எல்லையில் சுங்க அதிகாரி கையைக் காட்டி மறித்தார். சுமித்ரா தன் பக்கக் கண்ணாடியை இறக்கி, இதற்கென்றே வைத்திருக்கும் சிரிப்பைச் சிரித்தாள்.

"இறைச்சி ஏதும் இருக்கிறதா?"

சுமித்ரா மூன்று விரல்களை உயர்த்தினாள். அதற்குள் அதிகாரி குனிந்து பின் இருக்கையைப் பார்த்துவிட்டார்.

"ஹோய் நிருசன்! லீவு நாளிலும் இங்கேதானா? நாளைக்குக் காலையில் இந்த வாசலில் எனக்குப் பதிலாக நீதான் நிற்க வேண்டும், மறந்துவிடாதே!"

நிருசன் குனிந்து அரிசி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுமித்ராவின் மூன்று விரல்கள் மெதுவாக ஐந்தாயின.

"அஞ்சு கிலோ, ஐயா. ஒண்டையும் மறைக்க வேண்டாமெண்டு என்ரை மருமகன் சொன்னவர்."