கடைசிப் படியில் ஒரு கை

"அப்ப, என்ர வேலையை இந்தப் பெட்டி பார்க்கும். நான் என்னத்தைப் பார்க்கிறது, கடலையோ?"

இக்னேசியஸ் கேட்டது எஞ்சினியர் பாயிஸிடம். சமாதானப் பேச்சு முறிந்த வருசம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் பக்டரியில் இருபத்தேழு வருசமாக அமோனியா வால்வு திருப்புகிறவர் இக்னேசியஸ். கணினிப் பெட்டியோடு கொழும்பிலிருந்து வந்து இறங்கியவன் பாயிஸ். பெட்டி ஒரு கிழமை ஆடாமல் ஓடினால் இக்னேசியஸ் வீட்டுக்குப் போகலாம் என்று மனேஜர் கனகரத்தினம் சொல்லிவிட்டார்.

"முப்பது அடி முன்னுக்குப் பார்த்துத் திட்டம் போடும், அண்ணை. ஆனா ஒரு அடிதான் வைக்கும். பிறகு திரும்பவும் முதல்ல இருந்து பார்க்கும்."

"ஆமிச் சென்றியில, ஒவ்வொரு அடியும் பார்த்துச் சைக்கிள் உருட்டுற எங்கட சனம் மாதிரி."

"கிட்டத்தட்ட."

"பின்னேரம் கர்ஃபியூவோ எண்டு அதைப் போடுறவனுக்கே தெரியாது. இது முன்னுக்குப் பார்க்குதாம்."

ஐந்தாம் நாள் இக்னேசியஸ் குளிரறைக் கதவை 'மறந்துபோய்'த் திறந்து விட்டார். மீற்றர் முள் ஒருதரம் துள்ளி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. பெட்டிக்கு ரோசம்கூட இல்லை. பாயிஸ் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து தன் கணக்கில் குனிந்தான்.

மனேஜரிடம் கோள் மூட்டத்தான் கதவுக் கதையைப் பொத்தி வைத்திருக்கிறான் என்று நினைத்தார் இக்னேசியஸ்.

ஏழாம் நாள் காலை மனேஜர் அறிக்கையைப் படித்தார். முகம் புளித்தது.

"கடைசிப் படியில என்னமோ ஒரு கை வேணுமாம்?"

"ஓம் சேர். பெட்டி பார்க்கிற தூரம் முடியிற இடத்தில, எல்லாத்தையும் நிதானத்துக்குக் கொண்டுவரத் தெரிஞ்ச ஒரு கை இருக்கோணும். அது ஒருநாளும் வேலை செய்யத் தேவையில்லை. ஆனா அது இல்லாட்டி, பெட்டி ஆடாது எண்டு நான் கையெழுத்து வைக்க ஏலாது."

"சும்மா இருக்கிறதுக்கு ஒரு ஆளோ?"

"கணக்கு அப்பிடித்தான் சொல்லுது, சேர்."

மனேஜர் பெருமூச்சு விட்டார். "இக்னேசியஸ், நீங்கள் இருங்கோ."

வெளியே வந்ததும் இக்னேசியஸ் மீசையைத் தடவிக்கொண்டார். "பார்த்தீங்களோ தம்பி, படிச்ச பெட்டிக்கும் படிக்காத ஆள் தேவைப்படுது."

"ஓம் அண்ணை," என்று பையைத் தூக்கிக்கொண்டு பாயிஸ் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அவன் இருந்த மேசையில் அறிக்கையின் முதல் எழுத்துப்படி கிடந்தது. வென்ற களிப்பில் இக்னேசியஸ் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

'கடைசிப் படிக் கை என்பது ஒரு வரிச் சமன்பாடு. அது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆள் தேவையில்லை.'

அந்த மூன்று வரியையும் பேனையால் அடித்துவிட்டு, மேலே எழுதியிருந்தான்: 'திரு. இக்னேசியஸ். கதவையும் பார்த்துக்கொள்வார்.'