நாலரை வோல்ட்

ஞாயிறு பூசை முடிந்து வீடு வந்த ரொனி, உடுப்பை மாற்றிச் சாரம் கட்டிய கையோடு காரின் பொனட்டைத் திறந்தார்.

இரண்டு கிழமையாகக் கார் ஒரு மாதிரி. மிதித்தால் தயங்கி நிற்கும், பிறகு ஒரேயடியாகப் பாயும். வெள்ளிக்கிழமை காலி வீதி நெரிசலில், முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒரு சாண் இருக்கும்போதுதான் நின்றது. காருக்குள் அவர் தினமும் ஏற்றி இறக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர்.

கராஜ்காரன் கழற்றிப் பார்த்துவிட்டு, பிழை ஒன்றும் இல்லை என்றான். ரொனி நம்பவில்லை. முப்பத்தெட்டு வருடமாகக் கொட்டாஞ்சேனையில் கார் ஓட்டுகிறவர். தன் காரின் வருத்தம் தனக்குத் தெரியாதா?

த்ரொட்டில் பொடிதான். எஞ்சினுக்குள் காற்றை அளந்து விடும் சின்னக் கதவு. மிதிக்கிற அளவுக்குத்தான் அது திறக்க வேண்டும். அதன் வயரில் மீட்டரைப் பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மிதிக்காவிட்டால் அரை வோல்ட், முழுக்க மிதித்தால் நாலரை. நடுவில் சீராக ஏற வேண்டும்.

மீட்டரை மனைவி பிலோமினாவிடம் கொடுத்துவிட்டு ஆசனத்தில் உட்கார்ந்தார். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, மெல்ல மெல்ல மிதித்தார்.

“அரை... அரை... அரைதான்... ஐயோ, மூண்டு! நாலரை!”

“பாத்தியா, பாயுது! அந்தக் கராஜ் பொடியன் என்னத்தைப் பாத்தானோ!”

எந்த இடத்தில் பாய்கிறது என்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பிலோமினாவை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, மீட்டரைத் தான் வாங்கிக்கொண்டார்.

வாழ்நாளில் கார் ஓட்டியிராத பிலோமினா மிதித்தாள்.

அரை. ஒன்று. ஒன்றரை. இரண்டு. எண் எங்கும் தடுக்காமல் நாலரை வரை ஏறியது. அதே போல இறங்கியது.

“இன்னொருக்கா.”

மூன்று தடவையும் அப்படியே.

ரொனி வயரை ஆட்டிப் பார்த்தார். மீட்டரைத் தட்டிப் பார்த்தார். அதற்குள் பிலோமினா இறங்கி வந்து அவருடைய கால்களைப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, வலது கால் செருப்பைக் காருக்குள்ள விட்டிட்டு நிக்கிறீங்க. சீமெந்து இந்தக் கொதி கொதிக்குது, உங்களுக்குச் சுடேல்லயா?”

ரொனி குனிந்து பார்த்தார். வலது காலின் பெருவிரலைச் சீமெந்தில் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். சூடு தெரியவில்லை.

பிறகு கழற்றியதை எல்லாம் திரும்பப் பூட்டி முடித்தார். ஆணிகளை ஒன்றுக்கு இரண்டு தடவை இறுக்கினார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, பிள்ளைகளில் ஒருத்தியின் தாய் சாமினிக்கு ஃபோன் எடுத்தார்.

நாளையிலிருந்து பிள்ளைக்கு வேறு வாகனம் பார்க்கும்படி சொன்னார்.

கார் இன்னும் சரிவரவில்லையா அங்கிள் என்று கேட்டாள் அவள்.

“இல்லை மகள், கார் நல்ல திறமா இருக்கு,” என்றார் ரொனி, ஒரு சந்தேகமும் இல்லாத குரலில். “நானே செக் பண்ணிப் பாத்தனான்.”