இன்னும் வரேல்லை

"இன்னும் வரேல்லை" என்றார் ஸ்கந்தராஜா, தலையை நிமிர்த்தாமலே.

முதலாளி சதாசிவம் வாசலிலேயே நின்றார்.

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"சிங்கப்பூரிலதான் தாமதமாம். நான் என்ன செய்யிறது?"

"மாசக் கடைசிக்குள்ள அட்டை அடிச்சுக் கொடுக்கலன்னா கூட்டுறவுச் சங்கத்துக்காரன் வேற ஆளைப் பார்த்துக்குவான். அப்புறம் ஆபீசை இழுத்து மூட வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போய்விட்டார். மூலை மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த காளியம்மா ஒரே பெயரை இரண்டு முறை அடித்துவிட்டு அழித்தாள்.

ஈப்போவில் கடை வீட்டு மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் ஆபீசுக்கு அந்த வருஷம் கிடைத்த பெரிய வேலை அது. சிலிம் ரிவரிலிருந்து சித்தியவான் வரை தோட்டத்து ஆட்களின் பெயர்களை ஏற்றி உறுப்பினர் அட்டை அடிக்க வேண்டும். எல்லாம் ஒரு சாய்கோட்டில் வந்து சிக்கிக்கொண்டது.

'அர்ச்சுனன் எஸ்/ஓ சன்னாசி', அதாவது சன்னாசி மகன் அர்ச்சுனன், என்று ஏற்றினால் வெறும் அர்ச்சுனன்தான் வெளியே வந்தான். ஸ்கந்தராஜா எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் கம்பைலர் பழசு. பெயருக்கு நடுவே அந்தக் கோட்டைக் கண்டால் வகுத்தல் கணக்கு என்று எண்ணிக்கொண்டு அப்பன் பெயரை விழுங்கிவிடும். புது வெர்ஷனில் அந்தக் கோளாறு கிடையாதாம். அதற்குத்தான் இத்தனை நாள் காத்திருப்பு.

அதுவரைக்கும் விழுங்கிய பெயர்களைப் படிவம் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப அடிப்பதற்கு, தற்காலிகமாக வந்தவள் காளியம்மா.

"ஆறு மாசம் ஓட்டிரு, உன்னை நிரந்தரமாக்கிடறேன். நமக்கு லிஸ்டுக்கா பஞ்சம்?" என்று முதலாளி சேர்க்கும்போதே சொல்லியிருந்தார். அடுத்த வார வெள்ளிக்கிழமையோடு ஆறு மாதம். புருஷன் பலகை மில்லில் ஒரு கையைப் பறிகொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறான். ஒன்பது மாதப் பிள்ளையை மற்றக் கையால் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். இந்த வேலையும் போனால் வீட்டில் உலை வைக்க வேறு வழியில்லை.

"மகனை அப்பனால வகுக்கச் சொல்றோம்னு நெனச்சுக்குது. மெஷினுக்கும் சூசாதான்லா, பாவம், கஷ்டம்" என்றார் பிரிண்டர் பார்க்கும் சின்னையா. "அந்த வெர்ஷன் சிங்கப்பூர்லேருந்து நடந்து வந்திருந்தாகூட இந்நேரம் தாப்பா ஊரைத் தாண்டியிருக்கும்."

"ஐயாவுக்கு என்ன அண்ணே, காணாமப் போறது அவர் அப்பன் பேரா? தோட்டத்து ஆளுங்க பேர்தானே."

காளியம்மா கொஞ்சம் உரக்கவே சொன்னாள். ஸ்கந்தராஜாவின் காதில் விழுந்திருக்கும். அவர் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டார்.

"மெதுவா அடி, பிள்ளை. அவசரமில்லை."

அவசரமில்லையாம். ஆபீசையே மூடப் போகிறார்கள், இந்த மனுஷனுக்கு அவசரமில்லையாம்.

திங்கட்கிழமை ஸ்கந்தராஜா தேநீர் குடிக்கக் கீழே போயிருந்தபோது தொலைபேசி அடித்தது. காளியம்மா எடுத்தாள். சிங்கப்பூரிலிருந்து, கம்பைலர் விற்கிற கம்பெனிக்காரன். புது வெர்ஷன் நன்றாக ஓடுகிறதா என்று மலாயில் கேட்டான்.

"இன்னும் வந்தே சேரலையே" என்றாள்.

"வரலையா? போன மாசம் மூணாம் தேதியே ஸ்கந்தராஜா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காரே."

தொலைபேசியை வைத்தாள். கீழே போய் அவரையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேரே முதலாளியின் அறைக்குப் போனாள்.

ஸ்கந்தராஜா திரும்பி வந்தபோது அவருடைய மேசை இழுப்பறை திறந்து கிடந்தது. சிங்கப்பூர் முத்திரையோடு, ஒட்டுப் பிரிக்காத ஒரு பொட்டலம் முதலாளியின் கையில்.

"இது என்ன?"

ஸ்கந்தராஜா பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு காளியம்மாவைப் பார்த்தார்.

"மறந்துபோனன்."

"ஏழு வாரமாவா?"

"வயசு போகுதுதானே."

"நல்ல மறதி" என்றார் சின்னையா, காகிதத்தைச் சரிசெய்கிற சாக்கில்.

முதலாளி காளியம்மா பக்கம் திரும்பினார்.

"நீயாவது வந்து சொன்னியே. கெட்டிக்காரி."

அப்பாடா! ஆபீஸ் பிழைத்தது.

"இதைப் போட்டா ரெண்டே நாள்ல எல்லாப் பேரும் தானா வந்துரும்" என்றார் முதலாளி. "அப்புறம் காளியம்மா, நீ நாளையிலேருந்து வர வேணாம்."

"சார்?"

"அடிக்கிறதுக்கு இனிமே என்ன இருக்கு?"

"வெள்ளிக்கிழமையோட எனக்கு ஆறு மாசம், சார். நிரந்தரமாக்கறேன்னு நீங்கதானே..."

"அதான் இன்னிக்கே சொல்றேன். வெள்ளிக்கு அப்புறம் நிப்பாட்டினா சட்டம் பேசிக்கிட்டு வருவீங்க."

பொட்டலத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காளியம்மா பாதி அடித்த படிவத்தை எடுத்துக் கட்டோடு வைத்தாள். சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டாள். பக்கத்தில் ஸ்கந்தராஜா வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சனிக்கிழமை வந்து சேர்ந்ததெண்டு சொல்லலாமெண்டு இருந்தனான், பிள்ளை."