போர்வைக்குப் பின்னால்

"கண்ணை மூடிக்கிட்டு வாசி. எது பிடிச்சிருக்கோ அதைச் சொல்லு. வேற ஒன்னும் வேண்டாம்," என்றான் ஹாலிஸ்.

நாஷ்வில்லில் அவன் கடையின் வழக்கம் இது. கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டிதான் ஆம்ப். ஹாலிஸ் செய்யும் ஆம்ப் ஒவ்வொன்றிலும் வயர்களை அவனே கையால் பற்றவைப்பான். ஒன்றை முடிக்க ஒன்றரை மாதம் ஆகும். அதன் விலைக்கு ஓடுகிற பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம். அதனால் யாரிடமும் வாங்கச் சொல்லி வற்புறுத்த மாட்டான். வருகிறவர் தன் பழைய ஆம்ப்பையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டையும் ஒரு போர்வைக்குப் பின்னால் வைத்துவிட்டு ஹாலிஸ் இந்தப் பக்கம் வந்துவிடுவான். மின்சாரம் கொடுப்பதும், கிட்டாரின் வயரை மாற்றி மாற்றிச் சொருகுவதும் வாசிப்பவரோடு துணைக்கு வந்தவரின் வேலை. கடைக்காரன் கை பட்டால் சந்தேகம் வரும் அல்லவா?

இன்று வாசிக்க வந்தவன் கார்லண்ட். போர்வைக்குப் பின்னால் அவன் மனைவி டெல்மா இருந்தாள்.

ஆம்ப் வாங்குவதானால் அதற்கு இருந்தது, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து பதினோரு வருடமாக அவள் சேர்த்த பணம் மட்டும்தான். கடலுக்கென்று சேர்த்தது. அலபாமா கரையில் ஒரு வாரம், சன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிகிற வீட்டில் இருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதாகியும் டெல்மா இன்னும் கடலைப் பார்த்ததில்லை.

ஆனால் காரில் வரும்போது நிபந்தனையைச் சொன்னதும் அவள்தான். ஹாலிஸின் ஆம்ப் பிடித்திருந்தால் அந்தப் பணத்தில் அதை வாங்குவது. இருபது வருடமாக வாசிக்கும் தொழிற்சாலை ஆம்ப்பே போதும் என்று தோன்றினால், சனிக்கிழமை கடலுக்குக் கிளம்புவது. கார்லண்ட் அடுத்தவர் பாட்டுகளுக்குக் கிட்டார் வாசித்துப் பிழைக்கிறவன். அவன் காது என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு என்றாள்.

போர்வைக்குப் பின்னால் வயர் சொருகும் சத்தம் கேட்டது.

"ஒன்னு," என்றாள் டெல்மா.

கார்லண்ட் கண்ணை மூடி, நரம்புகளை ஒரு முறை மெல்ல வருடினான்.

சத்தம் உடனே வந்துவிடவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. எங்கோ தூரத்திலிருந்து உருண்டு வந்து, காலடியில் பரவி, தயங்கித் திரும்பிப் போனது. போன பிறகும் மணலில் ஈரம் மாதிரி ஏதோ மிச்சம் இருந்தது. அவன் விரலை எடுத்துவிட்டான். அது இன்னும் போய்க்கொண்டே இருந்தது.

"தூங்கிட்டியா?" என்றாள் டெல்மா.

"அவன் இப்ப இங்கே இல்லம்மா," என்றான் ஹாலிஸ். "வந்ததும் சொல்றேன்."

மறுபடி வயரைப் பிடுங்கும் சத்தம், சொருகும் சத்தம்.

"ரெண்டு."

அதே வருடல். முதல் நொடியிலேயே கார்லண்ட் முடிவு கட்டிவிட்டான். இது அவனுடைய பழசு. இருபது வருடப் பழக்கம். தன் இருமலைப் போல அவனுக்கு அடையாளம் தெரியும். சுரம் அதேதான், ஆனால் தண்ணீர் இல்லை. கடலைச் சுவரில் படமாக மாட்டியது போல இருந்தது.

முதலாவதை இன்னொரு தடவை கேட்கலாமா என்றான். மறுபடி வயரைப் பிடுங்கிச் சொருகும் சத்தம். வாசித்துப் பார்த்துக் கேட்டான். அது மறுபடி உருண்டு வந்து காலை நனைத்தது. இந்த முறை அந்தக் கரையில் டெல்மா நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். அலை தொடும்போதெல்லாம் ஒரு அடி பின்னால் வைத்தாள், பிறகு அவளே முன்னால் போனாள்.

கார்லண்ட் கண்ணைத் திறந்தான். இந்தச் சத்தத்தோடு வீட்டுக்குப் போனால், தினமும் அவன் ஒருவன் மட்டும்தான் கடலுக்குப் போய்வருவான்.

"ரெண்டாவதுதான்," என்றான்.

ஹாலிஸ் அவனையே பார்த்தான். நிஜமாகவா என்று கேட்டான்.

"நிஜமாத்தான்ப்பா. கோவிச்சுக்காத. ஒன்னாவது பளபளன்னு இருக்கு, ஆனா என் கைக்கு ஒட்டல. ரெண்டாவதுலதான் நான் இருக்கேன்." போர்வையின் பக்கம் திரும்பினான். "டெல்மா, துணிமணி எடுத்து வை. சனிக்கிழமை கிளம்புறோம்."



"எது ஒன்னு, எது ரெண்டுன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே," என்றாள் டெல்மா.

ஹாலிஸ் எழுந்துபோய்ப் போர்வையை இழுத்தான்.

கார்லண்டின் பழைய ஆம்ப் ஓரமாக இருந்தது. அதன் மின்சார வயர் சுவரில் சொருகப்படாமல், கைப்பிடியில் சுற்றியபடியே இருந்தது. டெல்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கிட்டாரின் வயர் ஹாலிஸின் ஆம்ப்பில் இருந்தது.

"எனக்காக நீ பொய் சொல்லுவேன்னு தெரியும்," என்றாள். "அதான் பிடுங்கிப் பிடுங்கி மூணு தடவையும் இதுலேயே சொருகினேன்."